ஆஸ்பெஸ்டாஸ் உள்ள பழைய வீடு: வாங்கும் முன்னும் இடிக்கும் முன்னும்

கேள்வி: பார்த்துவைத்திருக்கும் வீட்டில் கார் ஷெட் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்று விற்பவரே சொல்லிவிட்டார். வேண்டாமென்று விட்டுவிடலாமா?

பதில்: அதற்காக மட்டும் விட வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் என்பது மூச்சோடு உள்ளே போனால் புற்றுநோய் தரக்கூடிய கனிம நார். ஷீட்டில் அந்த நார் சிமென்டோடு இறுகிக் கிடக்கிறது. அளவும் பொதுவாக 10 முதல் 15 சதவீதம்தான். உடைக்காமல், அறுக்காமல் இருந்தால் எளிதில் வெளியே வராது. அவர் சொல்லாத இடங்களைத்தான் நீங்கள் தேட வேண்டும். வெந்நீர்க் குழாய்மேல் சுற்றிய வெளிறிய உறை, பொரிபொரியாகத் தெளித்த சீலிங், பழைய வினைல் டைல்ஸ், அதன் அடியில் உள்ள கறுப்புப் பசை, ஃபியூஸ் போர்டின் பின்பலகை ஆகியவற்றைப் பாருங்கள். இவற்றில் குழாய் உறைதான் மோசம், விரலால் அழுத்தினாலே பொடியும். (அழுத்திப் பார்க்காதீர்கள்!) அப்படிப் பொடியும் சரக்கு இருந்தால், அகற்றும் செலவை எழுத்தில் வாங்கி, விலை பேசும்போதே கழித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: "வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ்தான், ஒன்றும் செய்யாது" என்கிறார்கள். பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியாது. வெள்ளை, பழுப்பு, நீலம் என்பவை கனிமத்தின் பெயர்கள். சிமென்டிலோ பசையிலோ கலந்தபின் நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வெள்ளையும் புற்றுநோயை உண்டாக்கும். ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதி.

மாதிரியை, பயிற்சி உள்ளவர் எடுப்பதே நல்லது. குழாய் உறை, தெளித்த சீலிங் இரண்டிலும் நீங்கள் கை வைக்கவே வேண்டாம். மற்றவற்றில் எடுப்பதானால் ஃபேனை நிறுத்தி, கீழே பாலித்தீன் விரித்து, சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரைத் தெளித்து ஊறவிடுங்கள். வெறும் தண்ணீர் மேலோடு வழிந்துவிடும், சோப்பு கலந்தால் உள்ளே இறங்கும். கட்டைவிரல் நகம் அளவு துண்டு போதும், ஆனால் மேல்பூச்சிலிருந்து அடிவரை முழுத் தடிமனும் வர வேண்டும். இரண்டு பைகளில் அடுத்தடுத்துப் போட்டு மூடி, எடுத்த இடத்தில் பெயின்ட் அடித்தோ டேப் ஒட்டியோ அடைத்துவிடுங்கள். முகத்தில் பி3 தர (மிக நுண்ணிய தூசியையும் தடுக்கும்) வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். துணி மாஸ்க் உதவாது. தாடி இருந்தால் பி3-யும் ஓரத்தில் கசியும்.

கேள்வி: பழைய வினைல் டைல்ஸைப் பெயர்த்துவிட்டு மரத்தரை போட ஆசை.

பதில்: டைல்ஸ் ஆடாமல் ஒட்டியிருந்தால் பெயர்க்காதீர்கள், அப்படியே மேலே போடுங்கள். பெயர்ப்பதைவிட, அதன்பின் கறுப்புப் பசையைச் சுரண்டுவதும் மெஷின் வைத்துத் தேய்ப்பதும்தான் தூசியைக் கிளப்பும். தரை உயர்வதால் கதவின் அடிப்பாகத்தை இழைக்க வேண்டிவரும், அவ்வளவுதான். ஆனால் அடியில் என்ன இருக்கிறது என்று வீட்டுக் கோப்பில் எழுதிவையுங்கள். பத்து வருடம் கழித்து வரும் பிளம்பருக்கு அது தெரியாது.

கேள்வி: ஷீட்டில் பாசி. பிரஷர் வாஷ் அடிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. வெயிலிலும் மழையிலும் மேல்பரப்புச் சிமென்ட் அரித்து, நார் வெளியே தலைநீட்டியிருக்கும். அழுத்தத் தண்ணீர் அதை அப்படியே வழித்து மண்ணிலும் பக்கத்து வீட்டுச் சுவரிலும் அடிக்கும். ஷீட்மேல் ஏறி நிற்கவும் கூடாது, பழைய ஷீட் சொல்லாமல் உடையும்.

கழற்றுவதென்றால் நனைத்துவிட்டு, துருப்பிடித்த போல்ட்டை நெம்பாமல் கையால் இயக்கும் போல்ட் கட்டரால் வெட்டி, முழு ஷீட்டாக இறக்க வேண்டும். மின்சாரத்தில் சுழன்று அறுக்கும் கிரைண்டரை அருகிலேயே கொண்டுவராதீர்கள். 0.2 மி.மீ. பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, உள்ளே என்னவென்று எழுதி ஒட்டுங்கள். கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாயில் தேங்கிய சேற்றிலும் நார் இருக்கும், அதையும் ஈரமாகவே அள்ளிப் பையில் போடுங்கள்.

கேள்வி: கான்ட்ராக்டர் ஒரே நாளில் எல்லாவற்றையும் இடித்து முடித்துத் தருகிறேன் என்கிறார்.

பதில்: வேறு ஆளைப் பாருங்கள். பொடியும் சரக்கை அகற்ற, அறையை மூடிக் காற்றழுத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் வேலை நடக்க வேண்டும். முடிந்ததும் காற்றுப் பரிசோதனையை, அகற்றியவருக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் செய்ய வேண்டும். பிரிட்டனில் ஒரு மில்லிலிட்டர் காற்றில் 0.01 நாருக்குக் கீழே வந்தால்தான் அறையைத் திறந்துவிடுவார்கள். கழிவு போய்ச் சேர்ந்த இடத்தின் ரசீதையும் கேட்டு வாங்குங்கள். இந்த வேலை முடிந்தபிறகே எலக்ட்ரீஷியன் உள்ளே வரட்டும். அவருடைய டிரில் மெஷினும் தூசியைக் கிளப்பும்.

கேள்வி: தெரியாமல் சுவர்ப் பலகையில் நாலு துளை போட்டு, வீட்டு வாக்யூமால் உறிஞ்சியும்விட்டேன். பயமாக இருக்கிறது.

பதில்: நோய்கள் பெரும்பாலும் வருடக்கணக்கில் தூசியில் வேலை செய்தவர்களுக்கு, அதுவும் 20, 30, 40 வருடம் கழித்து வருபவை. நாலு துளையால் ஆபத்து கூடியிருந்தால் மிகச் சிறிதளவே. இப்போது எக்ஸ்ரே எடுத்தால் எதுவும் தெரியாது. வாக்யூமை இனி ஓட்டாதீர்கள், சாதாரண வடிகட்டி நுண்ணிய நாரைப் பின்பக்கமாக ஊதித் தள்ளும். அதைப் பையில் கட்டி மூடுங்கள். துளைகளை டேப் ஒட்டி அடைத்து, தரையை ஈரத்துணியால் துடைத்து, துணியையும் பையில் போடுங்கள். அன்று போட்டிருந்த உடையை உதறாதீர்கள், நனைத்து அதே பையில் சேருங்கள். பிறகு அந்தப் பலகையிலிருந்து ஒரு மாதிரி அனுப்புங்கள். அது ஆஸ்பெஸ்டாஸே இல்லாமலும் இருக்கலாம்.