ஆற்றுக்குக் கரை கட்டிய ரயில்

கேள்வி: ஆஸ்திரியாவில் ஆற்று வேலைக்கென்றே ஒரு குட்டி ரயில் விட்டார்களாமே, ஏன், லாரியில் கல் அடித்தால் ஆகாதா? — வாசகர், மேலூர்

பதில்: அவர்கள் வேலையில் இறங்கிய காலத்தில் லாரி ஏது சார்! நம்ம பென்னிகுவிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தது 1895. அதற்கு மூன்று வருடம் முன்னால், 1892ல், ஆஸ்திரியாவும் சுவிட்சர்லாந்தும் ஒப்பந்தம் போட்டு, எல்லையில் ஓடும் ரைன் ஆற்றை நேராக்கக் கிளம்பின. வளைந்து வளைந்து போய் வெள்ளத்தில் ஊருக்குள் புகுந்துகொண்டிருந்த ஆறு அது. 1900ல் ஒன்று, 1923ல் இன்னொன்று என இரண்டு புதிய வாய்க்கால்கள் வெட்டி அதைத் திருப்பிவிட்டார்கள்.

கரைக்குக் கல் வேண்டுமே. குவாரியிலிருந்து வெள்ளக்கரை மேலேயே தண்டவாளம் போட்டார்கள், அகலம் 750 மில்லிமீட்டர்தான், அதாவது இப்போது போடிக்குப் போகும் அகலப்பாதையில் பாதிகூட இல்லை. முதலில் நீராவி, அப்புறம் மேலே கம்பி கட்டி மின்சாரம். நல்ல யோசனை, ஏனென்றால் எந்த இடத்தில் கல் கொட்ட வேண்டுமோ அங்கேயே வண்டி போய் நிற்கும்.

ஆனால் வண்டல் விடவில்லை. ஆறு கான்ஸ்டன்ஸ் ஏரியில் விழும் முகத்துவாரத்தில் மண் குவிந்துகொண்டே இருந்ததால், கரையை ஏரிக்குள்ளேயே நீட்டினார்கள், அதற்கும் இதே ரயில்தான் கல் சுமந்தது. வைகை அணையில் வண்டல் பிரச்சினை பேசுகிற நமக்கு இது புரியும்.

இன்று லுஸ்டெனாவ் ஊரில் அது அருங்காட்சியக ரயில். கோடையில் போனால் ஏறிப் பார்க்கலாம்.