ஸ்கோப் கடிபட்டதற்குச் சம்பளத்தில் பிடித்தம். சான்றிதழும் காசோலையும் மருத்துவமனையிடம்

கேள்வி: நான் எண்டோஸ்கோப்பி டெக்னீஷியன். கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினான்கு மாதம் வேலை பார்த்தேன். சம்பளம் 19,000 ரூபாய். சேரும்போதே டிப்ளமோ, பிளஸ் டூ அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருடத்துக்குள் விலகினால் ஒரு லட்சம் தருவதாக முத்திரைத்தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள். இந்த ஜனவரியில் ஓஜிடி (வாய்வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் பரிசோதனை) பார்க்கும்போது ஒரு நோயாளி, பல்லுக்கு இடையில் வைக்கும் மவுத் கார்டைத் தள்ளிவிட்டு, ஸ்கோப் என்கிற அந்தக் கேமராக் குழாயைக் கடித்துவிட்டார். ரிப்பேர் 3,20,000 ரூபாய் என்றும், மவுத் கார்டைப் பிடித்திருக்க வேண்டியது நான்தான் என்றும் சொல்லி மாதம் 5,000 வீதம் நான்கு மாதம் பிடித்தார்கள். எழுத்தில் எந்த விளக்கமும் கேட்கவில்லை. தஞ்சாவூரில் வேறு வேலை கிடைத்ததால் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து, அந்த மாதம் முழுக்க வேலையும் பார்த்துவிட்டு விலகினேன். கடைசி மாதச் சம்பளம் தரவில்லை. நான்கு லட்சம் கட்டினால்தான் சான்றிதழ் என்கிறார்கள். போலீசுக்குப் போவோம் என்றும் மிரட்டுகிறார்கள். புது இடத்தில் அசல் கேட்கிறார்கள். தொலைந்துவிட்டது என்று எழுதிக்கொடுத்து டூப்ளிகேட் வாங்கலாமா? சேரும்போது கையெழுத்து மட்டும் போட்டு ஒரு காசோலையும் கொடுத்திருக்கிறேன்.

பதில்: கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் காசோலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் கவலை சான்றிதழைப் பற்றி. என் கவலை காசோலையைப் பற்றி. சான்றிதழைப் பூட்டி வைப்பதால் அவர்களுக்கு ஒரு பைசா வராது. காசோலையில் நான்கு லட்சம் என்று நிரப்பி வங்கியில் போட்டால், நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவராகக் கோர்ட்டுக்கு அலைய வேண்டிவரும்.

‘தொகையை நான் எழுதவில்லை’ என்று சொல்வது மட்டும் போதாது. கையெழுத்து உங்களுடையது என்றால், கொடுக்க வேண்டிய கடனுக்காகவே அந்தக் காசோலை தரப்பட்டது என்று மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 139 முதலில் அனுமானிக்கும். வெற்றுக் காசோலைக்கும் இது பொருந்தும் என்று 2019-ல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த அனுமானத்தை உடைக்க முடியும்: வேலையில் சேரும்போது ஈடாகக் கொடுத்தது, அன்றைக்குக் கடன் ஏதும் இல்லை, இன்றைக்கும் அவர்கள் சொல்லும் தொகை எதுவும் முடிவாகவில்லை என்று காட்ட வேண்டும். அதற்கான காகிதத்தை இப்போதே உண்டாக்கிக்கொள்ளுங்கள். காசோலை எண்ணைக் குறிப்பிட்டு, காரணத்தோடு வங்கிக்கு எழுதிப் பணம் தருவதை நிறுத்தச் சொல்லுங்கள்; நகலில் சீல் வாங்குங்கள். நிறுத்தச் சொன்னதாலேயே வழக்கு வராது என்று இல்லை. ஆனால் காசோலை திரும்பி, வக்கீல் நோட்டீஸ் வந்தால் உங்களுக்கு இருப்பது 15 நாள்தான். அந்தக் கெடுவுக்குள் பதில் போய்விட வேண்டும். நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புகிற பழக்கம் நம் பக்கம் உண்டு, அதைச் செய்துவிடாதீர்கள்.

அடுத்து ஸ்கோப். இதில்தான் நீங்கள் பலமாக நிற்கிறீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, பொருள் சேதத்துக்காகச் சம்பளத்தில் கைவைக்க வேண்டுமென்றால் அந்தப் பொருள் தொழிலாளியின் பொறுப்பில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். சேதம் நேரடியாக அவருடைய கவனக்குறைவால் வந்திருக்க வேண்டும். அதற்கும் மேலாக, விளக்கம் சொல்ல வாய்ப்புத் தராமல் பிடிக்கவே கூடாது. உங்களுக்கு ஒரு மெமோகூட வரவில்லை என்பதால் இந்த 20,000 ரூபாய்ப் பிடித்தம் முதல் படியிலேயே நிற்காது. மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டவில்லையே என்று அவர்கள் வாதாடலாம். பாதி என்பது உச்சவரம்பு. வரம்புக்குள் இருப்பதாலேயே தவறான பிடித்தம் சரியாகிவிடாது.

சம்பவ நேரத்தில் ஸ்கோப் யார் கையில் இருந்தது? டாக்டர் கையில். நோயாளிக்கு மயக்க ஊசி போதுமானதாக இருந்ததா, மவுத் கார்டின் பட்டை இறுக்கிக் கட்டும் வகையா, அறையில் உங்களோடு இன்னொரு உதவியாளர் இருந்தாரா, அல்லது நீங்களே நோயாளியையும் பிடித்துக்கொண்டு திசு எடுக்கும் பயாப்சி ஃபோர்செப்ஸையும் நீட்டிக்கொண்டிருந்தீர்களா? நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள். அன்றைய கேஸ் ரிஜிஸ்டரில் பெயர்கள் இருக்கும். சர்வீஸ் எஞ்சினியரின் அறிக்கையையும் எழுத்தில் கேளுங்கள். பல் பதிந்து மேலுறை கிழிந்தது என்று அறிக்கை சொன்னால் அது நீங்கள் சொல்லும் சம்பவத்தோடு பொருந்தும். உள்ளே திரவம் இறங்கிவிட்டது என்று சொன்னால் கேள்வி வேறு திசைக்குப் போகும்: கடிபட்ட பிறகு, கழுவுவதற்காக என்சைம் கரைசலில் முக்குவதற்கு முன், ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் லீக் டெஸ்ட் செய்தீர்களா? செய்து ரிஜிஸ்டரில் குறித்திருந்தால் கவலை இல்லை. அவசரத்தில் விட்டிருந்தால் அது உங்கள் பக்கத்துப் பலவீனம். உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள். பராமரிப்பு ஒப்பந்தமோ இன்ஷூரன்ஸோ அந்த 3,20,000-ல் எவ்வளவு ஏற்றது என்பதையும் கேட்க வேண்டும். உண்மையான நஷ்டத்துக்கு மேல் பிடிக்கச் சட்டம் விடாது.

கடைசி மாதச் சம்பளத்தில் வாதத்துக்கே இடமில்லை. விலகிய இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். இந்த இரண்டு தொகைக்கும் தஞ்சாவூர் தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரித்து, அவர்கள் காட்டும் அதிகாரியிடம் மனுப் போடலாம். மூன்று வருடம் வரை காலம் உண்டு. பணம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் சுமை மருத்துவமனையுடையது. பத்து மடங்கு வரை இழப்பீடு கொடுக்க அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது, ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

போலீஸ் மிரட்டலை விடுங்கள். நோயாளி கடித்து ஸ்கோப் கெட்டதில் உங்களுக்குக் குற்ற நோக்கம் எங்கிருந்து வந்தது?

சான்றிதழை ஈடாக வைத்திருக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. மொத்தப் பாக்கிக்காகப் பிறர் பொருளை நிறுத்தி வைக்கும் உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 171 வங்கியர், உயர் நீதிமன்ற வழக்கறிஞர் என்று ஒரு சிறு பட்டியலுக்குத்தான் தானாகத் தருகிறது. மருத்துவமனை அதில் இல்லை. பட்டியலில் இருக்கும் வக்கீல்களான எங்களாலேயே ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் வழக்குக் கட்டை நிறுத்தி வைக்க முடியாது என்று 2000-ல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கல்லூரிகள் மாணவர் சான்றிதழைப் பிடித்து வைத்தபோது சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்திருப்பதையும் உங்களிடம் யாராவது காட்டுவார்கள். ஆனால் உங்களுடையது தனியார் மருத்துவமனை. நேரே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடும் வழி எளிதில் திறக்காது. முதலில் வக்கீல் நோட்டீஸ், மசியவில்லை என்றால் பொருளைத் திருப்பித் தரச் சொல்லி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கு. என் அனுபவத்தில் பெரும்பாலும் நோட்டீஸிலேயே சான்றிதழ் கவர் வெளியே வந்துவிடும்.

டூப்ளிகேட் யோசனை வேண்டவே வேண்டாம். சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே காணவில்லை என்று போலீசுக்கு எழுதிக்கொடுத்தால், இதுவரை இல்லாத ஒரு குற்றத்தை நீங்களே அவர்கள் கையில் கொடுத்ததாக ஆகும். புது மருத்துவமனையிடம் நடந்ததைச் சொல்லி, நகலும் நோட்டீஸ் நகலும் கொடுத்து அவகாசம் கேளுங்கள். அனுபவச் சான்று தராவிட்டாலும் பிஎஃப் பாஸ்புக், வங்கிக் கணக்கில் வந்த சம்பளம், அடையாள அட்டை போதிய அத்தாட்சி.

பாண்ட், அதாவது அந்த முத்திரைத்தாள் ஒப்பந்த விஷயத்தில் உங்களுக்கு இனிக்கிற பதில் என்னிடம் இல்லை. ‘பாண்ட் எல்லாமே செல்லாது’ என்பது டீக்கடைச் சட்டம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகிய அதிகாரி இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அது பொதுத்துறை வங்கி. மறுபடி ஆள் எடுக்க விளம்பரம், தேர்வு என்று அதற்குச் செலவு இருந்தது. உங்கள் விஷயத்தில் ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 74 வரும்: எழுதியிருக்கும் ஒரு லட்சம் உச்சவரம்பு, நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். உங்களை எங்காவது அனுப்பிச் செலவழித்துப் பயிற்சி தந்தார்களா? இல்லை, கம்பெனி ஆள் வந்து மெஷினைக் காட்டிவிட்டுப் போனதைத்தான் பயிற்சி என்கிறார்களா? பின்னதுதான் என்றால், நோட்டீஸ் மாதத்தையும் முழுசாகப் பார்த்துவிட்ட உங்களிடம் பெரிய தொகை வாங்குவது கடினம். அவர்கள் வழக்குப் போட்டு நஷ்டத்தைக் காட்டட்டும்.

பாண்ட், ஸ்கோப், சான்றிதழ் மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டு நான்கு லட்சம் என்று பேசுகிறார்கள். நீங்கள் அந்தக் கணக்கில் பேரம் பேச உட்கார்ந்தால் தோற்றீர்கள். மூன்றுக்கும் தனித்தனிப் பத்தியில் நோட்டீஸ் எழுதச் சொல்லுங்கள். காசோலையைத் திருப்பித் தரக் கேட்பதும் அதில் இருக்கட்டும். ஸ்பீடு போஸ்ட்டில் பதிவு வசதியோடு அனுப்பி, டெலிவரிச் சான்றைப் பத்திரப்படுத்துங்கள். வக்கீல் வைக்கக் காசில்லை என்றால், பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கும்பகோணம் நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள்.

சான்றிதழ் வாங்கப் போகும்போது தனியாகப் போக வேண்டாம். ‘எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை, ஸ்கோப் சேதத்துக்கு நானே பொறுப்பு’ என்று தயாராக அடித்த தாளை நீட்டுவார்கள். ‘சான்றிதழ்கள் பெற்றுக்கொண்டேன், மற்ற உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை’ என்று மட்டும் எழுதித் தேதியோடு கையெழுத்துப் போடுங்கள். அதையும் போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள்.