அப்பா ஏன் கட்டிலைத் தள்ளிப் போட்டார்?

கேள்வி: ஹாலில் டிவி இருக்கும் சுவருக்கு மட்டும் தனி நிறம் கொடுத்து, முக்கோண டிசைன் வைத்து நானே பெயிண்ட் அடித்தேன். இரண்டு முறை அடித்தும் சரியாக வரவில்லை. கீழ்ப்பகுதியில் மாஸ்கிங் டேப்பை எடுத்தால் அடியில் இருக்கும் பெயிண்டும் சேர்ந்து பெயர்ந்து வருகிறது. மேலே கோடுகள் கசிந்து பிசிறடிக்கின்றன. சுவரின் மறுபக்கம் அப்பாவின் அறை. அங்கேயும் முழங்கால் உயரத்துக்கு உரிந்திருக்கிறது. அப்பா கட்டிலைத் தள்ளிப் போட்டுக்கொண்டதால் அங்கே அவசரம் இல்லை. அடுத்த மாதம் மனைவி வீட்டார் வருகிறார்கள். ஹால் பக்கம் வாட்டர்ப்ரூஃப் பூச்சு ஒன்று கொடுத்துவிட்டு மூன்றாவது முறை அடிக்கலாமா?

பதில்: அடிக்கக் கூடாது தம்பி. டேப்பைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், முதலில் கட்டிலைப் பற்றிப் பேசுவோம்.

அப்பா கட்டிலைத் தள்ளிப் போட்டுக்கொண்டார் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். ஏன் தள்ளினார் என்று கேட்டீர்களா? சுவரோரம் படுத்தால் ராத்திரியில் குளிர்ந்திருக்கும். தலையணையில் சுண்ணாம்புப் பொடி உதிர்ந்திருக்கும். ஈர வாடை அடித்திருக்கும். உங்களைக் கூப்பிட்டு "சுவரைப் பாருப்பா" என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. எழுந்து, கட்டிலை அவரே இழுத்துப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். இந்த மாதிரிக் கடிதம் எனக்கு நிறைய வருகிறது. கேட்பதெல்லாம் ஹாலைப் பற்றித்தான் இருக்கும், உள்ளறையில் இருப்பவர் நடுவில் ஒரு வரியில் வந்து போவார். வயதான பெற்றோர் பிள்ளையிடம் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். கேட்கும் நிலைக்கு அவர்களை விடுவதே பிள்ளைக்கு அழகில்லை என்று நினைப்பவள் நான்.

இப்போது சுவருக்கு வருவோம். இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்கு உரிகிறது என்றால் கோளாறு பெயிண்டில் இல்லை, சுவருக்குள் தண்ணீர் ஏறியிருக்கிறது. அந்தத் தண்ணீர் செங்கல்லிலும் சிமெண்டிலும் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும். மேற்பரப்பில் ஈரம் காய்ந்ததும் உப்பு அங்கேயே பூத்துப் பருத்து, மேலே இருக்கும் பட்டியையும் பெயிண்டையும் நெம்பித் தள்ளும். விரலால் தடவிப் பாருங்கள், வெள்ளையாக மாவு மாதிரி ஒட்டினால் அது பெரும்பாலும் உப்புதான். பிடிப்பில்லாத அந்தப் பரப்பின் மேல் டேப் ஒட்டினீர்கள், பெயிண்ட் டேப்போடு வந்துவிட்டது.

ஹால் பக்கம் வாட்டர்ப்ரூஃப் அடிக்கலாமா என்று கேட்டீர்களே, அதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை. உள்ளே ஏறிய ஈரம் எங்கேயாவது வெளியேறித்தான் ஆக வேண்டும். ஒரு முகத்தை அடைத்தால் அது மறுமுகம் வழியாகப் போகும், இன்னும் மேலேயும் ஏறும். அதாவது உங்கள் ஹாலில் முக்கோணம் பளிச்சென்று நிற்கும், அப்பாவின் அறையில் முழங்காலுக்கு இருந்த ஈரம் இடுப்புக்கு வரும். அவர் மறுபடியும் கட்டிலைத் தள்ளுவார். அந்த அறை எவ்வளவு தூரம்தான் இடம் கொடுக்கும்?

அவசரம் இல்லை என்கிறீர்கள். ஈரமும் பூஞ்சையும் பிடித்த வீட்டில் இருப்பவர்களுக்கு மூச்சுத் தொல்லை, ஒவ்வாமை, ஆஸ்துமா எல்லாம் கூடுதலாக வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. விருந்தாளிகள் ஹாலில் சில நாள் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்பா அந்தக் காற்றைத்தான் ராத்திரி முழுக்க சுவாசிக்கிறார்.

ஆகவே வேலை அவர் அறையில் தொடங்கட்டும். ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நாலு பக்கமும் காற்று புகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கு அடியில், சுவரை ஒட்டி நீர் முத்துப் பிடித்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே பெரும்பாலும் குறையும். உள்ளிருந்துதான் என்றால் எங்கிருந்து என்று கண்டுபிடிக்க வேண்டும். சுவர் நெடுக ஒரே மட்டமாக இருந்தால் தரையிலிருந்து ஏறுகிறது. ஒரே இடத்தில் திட்டாக இருந்தால் பக்கத்தில் ஓடும் பைப்பைச் சந்தேகப்படுங்கள். இதற்கு விவரம் தெரிந்த ஆளைக் கூப்பிடுவதில் வெட்கம் வேண்டாம்.

கசிவை நிறுத்திய பிறகு, ஈரம் தெரியும் இடத்துக்கு ஒரு அடி மேல் வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல்லை நன்றாகக் காயவிட வேண்டும். அதற்கே வாரக்கணக்கில் ஆகும். புதுச் சிமெண்ட் பூச்சுக்கு மேல் பெயிண்ட் அடிக்க இன்னும் 28 நாளாவது பொறுக்க வேண்டும். அடுத்த மாதத்துக்குள் முடியாது, முடியாமலே போகட்டும். சம்பந்தி வீட்டார் பாதி கொத்திய சுவரைப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? அப்பாவுக்காகக் கொத்திக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லுங்கள்.

அந்த நாட்களில் அப்பா எங்கே படுப்பார்? உங்கள் படுக்கையறையில். நீங்கள் இரண்டு பேரும் ஹாலில் பாயை விரித்துக்கொள்ளுங்கள். பழைய வீட்டுப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். சுரண்டும்போதும் உப்புத்தாள் போடும்போதும் அந்தத் தூசி அவர் பக்கமும் குழந்தைகள் பக்கமும் போகக் கூடாது. உலர்ந்தபடி தேய்க்காதீர்கள், நனைத்துத் தேயுங்கள்.

சரி, டேப். கோடு கசிவதற்குக் காரணம் டேப்பின் ஓரத்தில் இருக்கும் மயிரிழை இடைவெளி. ஒட்டியபின் ஓரத்தைப் பட்டித் தகட்டால் அழுத்தித் தேயுங்கள். அப்புறம் அடியில் என்ன நிறம் இருக்கிறதோ அதே நிறத்தை அந்த ஓரத்தில் ஒருமுறை மெல்லிசாக இழுத்துக் காயவிடுங்கள். கசிய வேண்டியதெல்லாம் அந்த நிறத்தில் கசிந்து இடைவெளி அடைபட்டுவிடும். அதன்மேல் புது நிறத்தைக் கொடுங்கள். கடைசிக் கோட்டிங் முழுசாக இறுகும் முன்பே டேப்பைச் சாய்வாக மடக்கி மெதுவாக இழுங்கள். சுவர் காய்ந்திருந்தால் கோடு கத்தியால் வெட்டிய மாதிரி வரும்.

இன்றைக்கு அந்தப் பாலித்தீன் தாளை ஒட்டப் போகும்போது அப்பாவின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். கட்டிலை எப்போது தள்ளிப் போட்டீர்கள் என்று கேளுங்கள். ஈரம் எப்போது தொடங்கியது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். வேலைக்கு வரும் ஆள் உங்களிடம் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.