வளையலையும் சேர்த்தே சொல்லுங்கள்

கேள்வி: என் அம்மா போன தை மாதம் காலமானார். கடைசிச் சில வருடங்கள் அல்சைமர் என்ற மறதி நோய். என் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தது அவர்தான். அவர் இருந்ததால்தான் நான் வேலைக்கே போக முடிந்தது. ஆனால் நோய் வந்த பிறகு, "என் வளையலைத் திருடிட்டா" என்று என்னைக் காட்டிப் பக்கத்து வீட்டில் சொல்வார். இப்போது வருஷத் திதி வருகிறது. எல்லோரும் அவரைத் தெய்வம் என்கிறார்கள். எனக்கோ அந்த வளையல்தான் ஞாபகம் வருகிறது. பிள்ளைகளிடம் அம்மாச்சியைப் பற்றி என்ன சொல்வது? இது எனக்கும் வருமா?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: என் மாமியாருக்கும் இதே நோய்தான். பென்ஷன் பணத்தைத் துவரம்பருப்பு டப்பாவுக்குள் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுவார். ஒருநாள் என் கையைப் பிடித்து, "யார்கிட்டயும் சொல்லிடாதம்மா, என் மருமகதான் எடுத்திருக்கா" என்று என்னிடமே ரகசியம் சொன்னார். சிரிப்பதா, அழுவதா?

இந்த நோய் முதலில் கைவைக்கும் இடங்களில் ஒன்று, புது நினைவுகளைப் பதிந்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி. உங்கள் அம்மா வளையலைக் கழற்றி எங்கோ வைத்தது அவருக்குப் பதியவே இல்லை. வளையல் கையில் இல்லை, தான் கழற்றியதும் தெரியாது. அப்படியானால் யாரோ எடுத்திருக்க வேண்டும்தானே? பழி பெரும்பாலும் கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர் மேல்தான் விழும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்துபோகிறவருக்கு அந்தப் பட்டம் கிடைப்பது அபூர்வம். 1901-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் பார்த்த ஆகஸ்டே என்ற 51 வயதுப் பெண்மணியும் காரணமில்லாமல் கணவரைச் சந்தேகப்பட்டார், பொருள்களை ஒளித்துவைத்தார். (வளையல் கிடைத்ததா என்று நீங்கள் எழுதவில்லை. தலையணை உறைக்குள் பார்த்தீர்களா?)

பிள்ளைகளிடம் "தெய்வம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர்கள் அம்மாச்சியைத் திட்டும் வாயோடும் ஊட்டிய கையோடும் பார்த்தவர்கள். அந்தச் சொல்லில் அவர் இருக்க மாட்டார். திதியன்று உறவுக்காரர்கள் கூடும்போது, அவர் எதற்கெல்லாம் கோபப்படுவார், எந்தக் குழம்பை யாருக்காகத் தனியாக எடுத்துவைப்பார் என்று கேட்டு வாங்குங்கள். வளையல் கதையையும், அது ஏன் நடந்தது என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டில் கேட்டதைப் பிள்ளைகளும் கேட்டிருப்பார்கள்.

என் மகளுக்குப் பாட்டி என்றால் பூக்கட்டுதான். என் பெயர் தெரியாத நாளிலும், உதிரி மல்லிகையும் வாழைநாரும் கொடுத்தால் அத்தை இடைவெளி விடாமல் சரம் கட்டினார். கைப்பழக்கம் மூளையில் வேறு பகுதிகளைச் சார்ந்தது, அதனால் கொஞ்ச காலம் தாங்கும். அப்புறம் அதுவும் போனது. மகள் கட்டுவது அதே இறுக்கம்.

உங்களுக்கு வருமா? அம்மாவுக்கு இருந்தால் வாய்ப்பு ஓரளவு கூடும், வந்தே தீரும் என்பதில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் கட்டுக்குள் வையுங்கள். காது மந்தமானால் தள்ளிப்போடாமல் கருவி போடுங்கள். ஒற்றை மரபணுக் கோளாறால் தலைமுறை தலைமுறையாக வருவது மிக அரிது, அது பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே தொடங்கிவிடும். உங்கள் அம்மாவுக்கு எந்த வயதில் தொடங்கியது என்று எழுதவில்லை. 65-க்கு முன்பே என்றால், நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் குடும்ப விவரத்தை ஒருமுறை சொல்லிவையுங்கள்.