மாதம் 60,000 ரூபாய்க்கு கூகுள் முதல் பக்கம்: கையெழுத்துப் போடுமுன் ஒரு தையல்கடை பார்க்க வேண்டியவை

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில், மாடியில் ஒன்பது வருடமாகத் தையல்கடை நடத்துகிறேன். சாறி பிளவுஸ், ஆரி வேலை, மணப்பெண் பிளவுஸ்தான் முக்கிய வேலை. என்னோடு இன்னும் இரண்டு பேர் தைக்கிறார்கள். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் சில ஓர்டர்களைத் திருப்பியே அனுப்புகிறோம். ஆடியிலும் மார்கழியிலும் கை சும்மா இருக்கும். பேஸ்புக் பக்கமும் வட்ஸ்அப்பும் உண்டு, இணையத்தளம் இல்லை. ஒரு நிறுவனம் இணையத்தளமும் செய்து, அது கூகுள் தேடலில் மேலே வரச் செய்யும் எஸ்.இ.ஓ. வேலையும் பார்ப்பதாகச் சொல்லி மாதம் 60,000 ரூபாய் கேட்கிறது. ஒரு வருட ஒப்பந்தம். 30 நாளில் கூகுள் முதல் பக்கத்தில் வந்துவிடுவீர்கள் என்கிறார்கள். ஒரு மணப்பெண் ஓர்டரில் செலவு போக எனக்கு எட்டாயிரம் அளவில் மிஞ்சும். இந்தக் காசைப் போடலாமா? கூகுளில் கடைப் பெயரைத் தமிழில் போடுவதா, ஆங்கிலத்தில் போடுவதா?

பதில்: இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எஸ்.இ.ஓ. வீண் வேலை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நான் பல வருடமாகச் செய்வதே அந்த வேலைதான். உங்கள் கடைக்கு அது உதவும் என்றும் நம்புகிறேன். ஆனால் இந்த விலையில், இந்த வாக்குறுதியோடு வருவது உங்களுக்கு வேண்டிய வேலை அல்ல.

முதலில் கணக்கு. மாதம் 60,000 என்றால் வருடத்துக்கு 720,000 ரூபாய். ஓர்டருக்கு எட்டாயிரம் மிஞ்சுகிறது என்றால், போட்ட காசைத் திருப்பி எடுக்கவே 90 மணப்பெண் ஓர்டர்கள் கூடுதலாக வர வேண்டும். மூன்று பேர் இருக்கும் கடையில், கல்யாண மாதங்களில் வருவதையே திருப்பி அனுப்பும்போது, இந்தத் தொண்ணூறையும் யார் தைப்பது? எஸ்.இ.ஓ. பற்றி யோசிக்கும் எந்தச் சிறு வியாபாரியிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இன்னும் ஆட்கள் வந்தால் உங்களால் கவனிக்க முடியுமா, அது எந்த மாதத்தில்? உங்கள் கடிதத்தில் பதில் இருக்கிறது. உங்களுக்கு ஆட்கள் தேவைப்படுவது ஆடியிலும் மார்கழியிலும்.

எஸ்.இ.ஓ. என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். அது புதிதாக ஆசையை உண்டாக்காது. பேஸ்புக்கில் ஒரு அழகான பிளவுஸ் படத்தைப் பார்த்து 'எனக்கும் இப்படி ஒன்று' என்று ஒருவர் நினைப்பது வேறு கதை. கூகுளில் தேடுபவர் ஏற்கனவே தேவையோடு வருகிறார். அவர் தேடும் இடத்தில் நீங்கள் கண்ணில் படுவதுதான் எஸ்.இ.ஓ. ஆகவே, உங்களிடம் இருப்பதை யார் தேடுகிறார்கள், எந்த நாட்களில், என்ன சொற்களால் தேடுகிறார்கள் என்று தெரியாமல் போடும் காசு, ஆள் இல்லாத சந்தியில் கடை திறப்பது போலத்தான்.

உங்கள் விஷயத்தில் அந்த ஆள் யார்? ஆடியிலும் மார்கழியிலும் இங்கே நம் ஆட்களின் கல்யாணம் குறைவு. ஆனால் அதே நாட்களில்தான் லண்டனிலும் டொரொண்டோவிலும் பள்ளிக்கூட விடுமுறை. ஜூலை, ஆகஸ்டிலும் டிசம்பரிலும் குடும்பத்தோடு கொழும்புக்கு வருபவர்கள் ஊரில் சாறி எடுத்து, இங்கேயே பிளவுஸ் தைத்துக்கொண்டு திரும்ப நினைக்கிறார்கள். கையில் இருப்பது இரண்டு வாரம், சில நேரம் பத்தே நாள். கொழும்பில் எந்தத் தையல்காரரையும் தெரியாது. அவர்கள் கைத்தொலைபேசியை எடுத்து, பெரும்பாலும் ஆங்கில எழுத்தில், 'வெள்ளவத்தை பிளவுஸ் தையல்', 'அவசரமாகப் பிளவுஸ்', 'ஆரி வேர்க் கொழும்பு' என்ற மாதிரித் தேடுவார்கள். உங்களுக்கு வேண்டியது இவர்கள். 'வெளிநாட்டிலிருந்து வருகிறீர்களா? அளவை வட்ஸ்அப் வீடியோவில் முன்கூட்டியே எடுக்கிறோம், இத்தனை நாளில் முடித்துத் தருகிறோம்' என்று ஒரு பக்கம் ஒழுங்காக எழுதி வைத்தால், அது நூறு பொதுக் கட்டுரைகளை விட உங்களுக்கு உழைக்கும்.

பொதுக் கட்டுரை என்று சொன்னேன் அல்லவா, அதில் கொஞ்சம் நிற்கிறேன். தமிழில் வியாபாரம் செய்யும் நமக்கு மட்டும் உள்ள பொறி அது. பல நிறுவனங்கள் மாதத்துக்கு இத்தனை கட்டுரை என்று ஒப்பந்தம் போட்டு, 'புதிய பிளவுஸ் டிசைன்கள் 50' என்று தமிழில் எழுதித் தள்ளும். பார்வையாளர் எண்ணிக்கை ஏறும், அறிக்கையில் கோடு மேலே போகும். ஆனால் அந்தக் கட்டுரையைத் தமிழில் தேடுபவர்களில் பெரும்பகுதி சென்னையிலும் மதுரையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கும். அவர்கள் வெள்ளவத்தை மாடிப்படி ஏறி வரமாட்டார்கள். இணையத்தளம் உள்ள யாரும் இதை நேரிலேயே பார்க்கலாம். கூகுளின் சேர்ச் கொன்சோல் என்ற இலவசக் கருவியில், என்ன சொற்களைத் தேடி உங்கள் தளத்துக்கு வந்தார்கள் என்பதோடு எந்த நாட்டிலிருந்து வந்தார்கள் என்பதும் தெரியும். நாடு வாரியாகப் பாருங்கள். மொத்த எண்ணிக்கையை மட்டும் காட்டுபவரிடம் இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, 2024இலிருந்து பல தேடல்களுக்கு கூகுள் தானே செயற்கை நுண்ணறிவால் ஒரு பதிலை மேலே எழுதிக் காட்டுகிறது. பொதுவான தகவலுக்கு வருபவர் அதைப் படித்துவிட்டு அப்படியே போய்விடலாம். தைக்க ஆள் தேடுபவர் அப்படிப் போக முடியாது.

இப்போது அந்த '30 நாளில் முதல் பக்கம்'. முதலிடத்தை யாராலும் உத்தரவாதமாகத் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. எஸ்.இ.ஓ. வேலையின் பலன் தெரியப் பொதுவாக நான்கு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும் என்பதும் கூகுள் சொன்னதுதான். அப்படியானால் இவர்கள் எப்படி 30 நாள் என்கிறார்கள்? எனக்குத் தெரிந்து இரண்டு வழி. ஒன்று, உங்கள் கடைப் பெயரையே தேடிக் காட்டுவார்கள். அந்தப் பெயரில் வேறு கடை இல்லாவிட்டால் எந்த இணையத்தளமும் மேலே வரும், அதில் திறமை ஒன்றும் இல்லை. உங்கள் பெயரை அறிந்தவர் ஏற்கனவே உங்கள் வாடிக்கையாளர். மற்றது, விளம்பரம். விளம்பரத்துக்குக் காசு கட்டினால் அன்றைக்கே மேலே வரலாம், கட்டுவதை நிறுத்தினால் அன்றைக்கே மறைந்துவிடும். விளம்பரம் போடுவதில் தவறில்லை, டிசம்பருக்கு முன்பு நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஆனால் விளம்பரத்துக்குக் காசு கொடுப்பதால் சாதாரண தேடல் முடிவில் உங்கள் இடம் உயராது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி விற்பவரிடம் கவனமாக இருங்கள். 'நாங்கள் கூகுளின் பங்காளிகள்' என்று சின்னம் காட்டினால், அது கூகுள் விளம்பர வேலைக்கான சின்னம். எஸ்.இ.ஓ.வுக்கு அப்படி ஒரு அங்கீகாரம் கிடையாது.

'மாதம் 500 பேக்லிங்க்' (மற்றத் தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்புகள்) என்று விலைமனுவில் இருந்தால் அந்த வரியை வெட்டச் சொல்லுங்கள், அல்லது அந்த ஆளையே விட்டுவிடுங்கள். காசுக்கு வாங்கிய இணைப்புகளால் மேலே ஏறும் தந்திரத்தை கூகுள் 2012 ஏப்ரலில் பென்குயின் என்ற மாற்றத்தின் மூலம் அடிக்கத் தொடங்கியது. இன்றும் அது விதி மீறல்தான். தண்டனை வந்தால் விழப்போவது உங்கள் தளம், அவர்களுடையது அல்ல. 'மெட்டா கீவேர்ட்', அதாவது பக்கத்தின் குறியீட்டுக்குள் மறைவாக எழுதும் தேடுசொல் பட்டியல், போட்டுத் தருகிறோம் என்பதும் வீண்தான். தேடல் வரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது.

சரி, காசு போடுவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது என்ன? உங்களைப் போன்ற கடைக்குப் பாதி வேலை இணையத்தளத்தில் இல்லை, கூகுள் வரைபடத்தில் இருக்கிறது. கூகுள் பிசினஸ் புரொபைல் என்ற பதிவு இலவசம். கடைப் பலகை, தையல் இயந்திரங்கள், நீங்கள் கதவைத் திறப்பது என்று கைத்தொலைபேசியில் ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பெரும்பாலும் உறுதிப்படுத்துவார்கள். அருகிலுள்ள கடைகளை வரிசைப்படுத்த மூன்று விஷயங்களைப் பார்ப்பதாக கூகுள் சொல்கிறது: தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. தூரத்தை யாராலும் மாற்ற முடியாது. கொட்டாஞ்சேனையில் நின்று தேடுபவருக்கு அங்கேயுள்ள தையல்காரர்தான் முன்னால் வருவார், அதற்காகக் காசு செலவழிக்காதீர்கள். மற்ற இரண்டும் உங்கள் கையில் இருக்கின்றன. தொழில் வகையைச் சரியாகத் தெரிவு செய்யுங்கள். ஒழுங்கைக்குள், மாடியில் இருக்கும் கடை என்பதால் வரைபடப் புள்ளியை நீங்களே வாசலில் நின்று சரிபாருங்கள். காலி வீதியிலிருந்து எங்கே திரும்புவது என்று ஒரு படமும் போடுங்கள். போயா நாளிலும் தீபாவளி, பொங்கலிலும் திறப்பீர்களா இல்லையா என்பதை 'விசேட நேரங்கள்' என்ற பகுதியில் முன்கூட்டியே பதிந்து வையுங்கள். மூடிய கதவைப் பார்த்துத் திரும்பிய ஒருவரின் கோபமான விமர்சனம் நீண்ட நாள் அங்கே கிடக்கும்.

விமர்சனங்களைக் கேட்டு வாங்குங்கள். பிளவுஸைப் போட்டுப் பார்த்து முகம் மலரும் அந்த நேரத்தில், 'கூகுளில் இரண்டு வரி எழுதி விடுங்கோ' என்று சொல்லி, இணைப்பை வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தமிழில் எழுதினாலும் நல்லதே. ஆனால் விமர்சனத்துக்கு விலைக்கழிவு கொடுக்காதீர்கள், அது விதிக்கு எதிரானது. சொந்தக்காரர் இருபது பேரைக் கொண்டு ஒரே நாளில் எழுதவும் வைக்காதீர்கள்.

இணையத்தளம் பெரிதாக வேண்டாம். ஐந்தாறு பக்கம் போதும்: என்னென்ன தைக்கிறீர்கள், விலை எங்கிருந்து எதுவரை, எத்தனை நாள் ஆகும், வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கான பக்கம், வரும் வழி, வட்ஸ்அப் இலக்கம். விலைப்பட்டியலை ஒரு அழகான போஸ்டர் படமாக ஏற்றாமல் எழுத்தாகவே எழுதச் சொல்லுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பி கூகுளில் இடம் பிடிக்க முடியாது. கூகுள் இப்போது தளங்களைக் கைத்தொலைபேசியில் தெரியும் வடிவத்தை வைத்தே படிக்கிறது. முக்கியமான பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது அது வைத்திருக்கும் அளவுகோல். கமராவிலிருந்து வந்த பெரிய படங்களை அப்படியே ஏற்றினால் அது நடக்காது, சிறிதாக்கித்தான் போட வேண்டும். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனிப் பக்கங்கள் வைத்து, இரண்டையும் மனிதர் எழுதட்டும்.

இனிச் சொல்லப்போவது எனக்கு மிகவும் மனம் வருந்தும் விஷயம். சில வருடங்களுக்கு முன் புறக்கோட்டையில் நல்ல பெயரெடுத்த ஒரு மொத்த வியாபாரி என்னிடம் வந்தார். அவருக்குத் தளம் செய்து கொடுத்தவர் இணைய முகவரியைத் தன் பெயரிலேயே பதிந்து வைத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். பதிவு காலாவதியானபோது புதுப்பிக்கவும் வழியில்லை. பில் கொப்பியிலும் பலகையிலும் அச்சடித்த முகவரி இல்லாமல் போய்விட்டது. பல வருடமாகச் சேர்ந்த கூகுள் மதிப்பும் அதோடு போனது. இதைத் தடுக்க ஒரு ரூபாயும் செலவில்லை. முகவரியை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதியுங்கள். சேர்ச் கொன்சோல், பிசினஸ் புரொபைல் இரண்டுக்கும் உரிமையாளர் நீங்கள்தான். வேலை செய்பவரைப் பிசினஸ் புரொபைலில் முகாமையாளராகவும் சேர்ச் கொன்சோலில் பயனராகவும் மட்டும் சேருங்கள். ஒப்பந்தம் முடிந்த அன்று அவரை நீக்கிவிடலாம். இதற்குச் சம்மதிக்காதவரோடு வேறு எதையும் பேச வேண்டாம்.

அப்புறம் ஒரு கொப்பி வாங்குங்கள். புதிதாக அழைப்பவர் ஒவ்வொருவரிடமும் 'எங்களை எங்கே பார்த்தீர்கள்?' என்று கேட்டு, திகதி, பதில், ஓர்டர் ஆனதா என்று எழுதி வையுங்கள். எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் வழி பார்த்தார்கள் என்பதை பிசினஸ் புரொபைலும் காட்டும். மூன்று மாதம் எழுதிய கொப்பி கையில் இருந்தால், எந்த விற்பனையாளரின் அறிக்கையும் உங்களை மயக்காது.

அதன் பிறகும் ஆள் வேண்டும் என்று தோன்றினால், மாதச் சம்பளம் போல வேண்டாம். தளம் செய்து, பக்கங்களை எழுதி, கருவிகளை உங்கள் பெயரில் பொருத்தித் தர ஒரே தடவைக் கட்டணம் பேசுங்கள். முதல் மாதத்தில் என்னென்ன செய்வீர்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வெளிநாட்டவர் பக்கம் டிசம்பருக்கு உதவ வேண்டுமென்றால் வேலை ஆடியிலேயே தொடங்கிவிட வேண்டும்.

கடைப் பெயர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பலகையில் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள், எழுத்துக்கு எழுத்து. 'வெள்ளவத்தையின் சிறந்த மணப்பெண் பிளவுஸ்' என்று பெயரோடு வால் சேர்க்கச் சொல்வார்கள், சேர்க்க வேண்டாம். அதற்காகப் பதிவையே முடக்கிவிடவும் கூடும். பலகை தமிழில் மட்டும் இருந்தால், டொரொண்டோவில் பிறந்த பிள்ளைக்கும் வாசிக்க வசதியாக அதில் ஆங்கிலத்தையும் எழுதிவிட்டு, பிறகு கூகுளில் பதியுங்கள்.