சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் வேண்டாம்

கேள்வி: எங்கள் கத்தோலிக்கப் பங்கின் கல்லறைத் தோட்டத்திலுள்ள பழைய சிற்றாலயத்தின் சுவர் ஒவ்வொரு மழைக்கும் உப்புப் பூத்து உதிர்கிறது; சிமெண்ட் பூசிவிடலாமா? (வாசகர், ஏற்காடு)

பதில்: வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய செங்கல் சுவர், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள உங்கள் மலையின் ஈரத்தை உறிஞ்சினாலும், வெயில் கண்டதும் அதை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால், ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கிச் செங்கல்லைத் தின்றுவிடுகின்றன. நகத்தால் சுரண்டினாலே மாவாக உதிரும் செங்கற்களைச் சிமெண்ட் பூச்சுக்கு அடியில் கண்டு வருந்தியிருக்கிறேன். முதலில் கூரைத் தண்ணீர் சுவரடியில் தேங்காதபடி வடிகால் அமையுங்கள். பிறகு, நீற்றிப் பல நாள் ஊறவைத்த சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய நீர் சேர்த்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை பூசுங்கள். குருவானவர் கல்லறைகளை மந்திரிக்கும் (ஆசீர்வதிக்கும்) கல்லறைத் திருநாளான நவம்பர் 2ஆம் தேதிக்குள் முடிக்க அவசரப்படாதீர்கள். அது மழைக்காலம், ஜனவரியில் தொடங்குவதே நல்லது.