மஞ்சள் வயலில் பறக்கும் வெள்ளைத் திட்டுப் பூச்சி
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மழைக்காலத்தில் எங்கள் மஞ்சள் வயலோரத்தில் கரும்பழுப்பு நிறமும் வெள்ளைத் திட்டுகளும் தடித்த உடலும் கொண்ட ஒரு பூச்சி விருட்டென்று பறந்து மறைகிறது. சிலர் அதை விட்டில் என்கிறார்கள், சிலர் பட்டாம்பூச்சி என்கிறார்கள். எது சரி? (ஈரோடு மாவட்ட வாசகர்)

பதில்: அது பட்டாம்பூச்சிதான். தாங்கள் சொல்லும் நிறமும் இடமும் பருவமும், ஆங்கிலத்தில் கிராஸ் டெமன் என வழங்கும், தாவி (ஸ்கிப்பர்) வகையைச் சேர்ந்த பட்டாம்பூச்சிக்கு அப்படியே பொருந்துகின்றன. அதன் அறிவியல் பெயர் உடாஸ்பெஸ் ஃபோலஸ். இறகுகளை விரித்தால் ஏறக்குறைய நாலரை சென்டிமீட்டர் இருக்கும். முன்னிறகில் அளவில் வேறுபட்ட பல வெள்ளைப் புள்ளிகள் சிதறியிருக்க, பின்னிறகின் நடுவில் மட்டும் ஒரே பெரிய வெள்ளைத் திட்டு இருக்கும். இந்தத் திட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஏனென்றால் இதே இடங்களில் திரியும் ரெஸ்டிரிக்டெட் டெமன் என்னும் நெருங்கிய உறவினத்துக்கு முன்னிறகில் ஒரு வெள்ளைப் பட்டை உண்டே தவிர, பின்னிறகில் வெள்ளையே கிடையாது.

விட்டில் என்ற ஐயம் எழுவதில் வியப்பில்லை. தாவிகளுக்கு உடல் தடித்தும் தலை அகன்றும் இருக்கும்; நிறமும் பெரும்பாலும் மங்கலானது; பறப்பதும் மிதப்பதாக இல்லாமல் எய்தது போல இருக்கும். பூச்சி ஓரிடத்தில் அமரும்வரை பொறுத்திருந்து அதன் உணர்கொம்புகளைப் பாருங்கள். விட்டில் எனப்படும் அந்துப்பூச்சிகளுக்கு அவை பெரும்பாலும் நூல் போலவோ இறகு போலவோ இருக்கும். மற்றப் பட்டாம்பூச்சிகளுக்கு நுனி குமிழாக முடியும். தாவிகளுக்கோ அந்தக் குமிழுக்கு அப்பாலும் நுனி நீண்டு, சிறு கொக்கியாகப் பின்னோக்கி வளைந்திருக்கும். இரு கொம்புகளின் அடிகளும் ஒன்றையொன்று விட்டு நன்றாக விலகியிருக்கும். கைப்பேசியில் எடுத்த தெளிவான படத்தைப் பெரிதாக்கினாலே இவ்வளவும் தெரிந்துவிடும்.

கேள்வி: தாவிகளை முழுமையான பட்டாம்பூச்சிகளாகக் கருத முடியாது என்று ஒரு பழைய நூலில் படித்தேன். இப்போது என்ன சொல்கிறார்கள்? (மதுரைக் கல்லூரி மாணவி)

பதில்: அந்தக் கருத்து ஒரு காலத்தில் வலுவாகவே இருந்தது. தாவிகள் அனைத்தும் ஹெஸ்பெரிடே என்னும் ஒரே குடும்பத்தில் அடங்குகின்றன. முன்னிறகின் நரம்புகள் வழியில் கிளைக்காமல் தனித்தனியே விளிம்பை அடைவது போன்ற தனி இயல்புகளைக் கண்டு, அக்குடும்பத்தை மற்றப் பட்டாம்பூச்சிகளிலிருந்து பிரித்துத் தனிப் பெருங்குடும்பமாக வைத்திருந்தார்கள். கடந்த இருபது ஆண்டுகளில் நடந்த மரபணு ஆய்வுகள் இந்த அடுக்கை மாற்றிவிட்டன. பட்டாம்பூச்சிகளின் வம்சத்தில் முதலில் கிளை பிரிந்தவை அழகன் முதலான வால்சிறகுப் பட்டாம்பூச்சிகளே என்றும், தாவிகள் அதற்குப் பிறகே பிரிந்தன என்றும் அவை காட்டுகின்றன. ஆகவே தாவிகளை வெளியே தள்ளினால், வால்சிறகிகளையும் அவற்றுடன் சேர்த்தே வெளியே தள்ள நேரும். இன்று தாவிகள் ஐயத்துக்கு இடமின்றிப் பட்டாம்பூச்சிகளின் பெருங்குடும்பத்துக்குள்ளேயே வைக்கப்படுகின்றன.

நாம் பேசும் கிராஸ் டெமன் இனத்தை டச்சு நாட்டவரான கிராமர் 1775-இல் விவரித்தபோது, அக்கால வழக்கப்படி பப்பிலியோ என்ற பேரினத்தில் சேர்த்தார். உடாஸ்பெஸ் என்ற தனிப் பேரினத்தை 1881-இல் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ஃபிரெடரிக் மூர் நிறுவினார். இது ஹெஸ்பெரினே என்னும் துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. அத்துணைக்குடும்பத்தின் புழுக்கள் பெரும்பாலும் புல், நெல், வாழை, பனை, இஞ்சி போன்ற ஒருவித்திலைத் தாவரங்களையே உண்பவை.

கேள்வி: எங்கள் தோட்டத்து மஞ்சள் இலைகளைச் சுருட்டும் புழுவும் இந்தப் பட்டாம்பூச்சியும் ஒன்றுதானா? மருந்து அடிக்க வேண்டுமா? (கேகாலை வாசகி)

பதில்: பெரும்பாலும் ஒன்றே. தாய்ப்பூச்சி மஞ்சள், இஞ்சி, கிச்சிலிக்கிழங்கு ஆகியவற்றின் இலைகளில் தனித்தனியாக முட்டையிடுகிறது. பொரித்து வரும் புழு இலை விளிம்பை மடக்கிப் பட்டிழையால் தைத்துக்கொண்டு உள்ளே தங்குகிறது. சுருளைப் பிரித்தால் வழவழப்பான பச்சை உடலும், கழுத்துப் போல ஒடுங்கிய பகுதிக்கு முன்னே கருத்த தலையும் தெரியும். கூட்டுப்புழுவாவதும் அதே சுருளுக்குள்தான்.

இலங்கை, இந்தியா முதல் தென்கிழக்காசியா, தென்சீனம், தைவான், தென் ஜப்பான் வரை பரவியுள்ள இந்த இனம், நிழலும் ஈரமும் புல்லும் உள்ள இடங்களில் தரையை ஒட்டியே திரிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் காட்டு மஞ்சளும் காட்டு இஞ்சியும் இதற்கு உணவாகின்றன. கோடையில் இச்செடிகளின் தழை காய்ந்து கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். மழைக்குப் பின் அவை துளிர்த்த பிறகே பட்டாம்பூச்சிகளைப் பரவலாகக் காண முடிகிறது.

வீட்டுத் தோட்டத்தில் சில இலைகள் சுருண்டதற்காக மருந்து தெளிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடர்ந்த தழையுள்ள மஞ்சள் செடி அந்த இழப்பைத் தாங்கும். இப்புழுக்களில் முட்டையிட்டு அவற்றை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளோ தெளிப்பில் மடிந்துபோகும். சேதம் மிகுதியாகத் தெரிந்தால் மட்டும், சுருண்ட இலைகளைத் தேடிப் பிரித்து, புழுவைக் கையால் எடுத்துவிடுங்கள்.